கத்திரிப்பூ நிறப் பெட்டி

ஒன்பது வோல்ட் பாட்டரியின் முனைகளை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறார். சுர்ரென்றால் முகம் மலரும். "உசுரு இருக்கு" என்று பெட்டிக்குள் தள்ளி மூடிவிடுவார். சுர்ரென்னாவிட்டால் நாக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைப்பார். கோளாறு பாட்டரியிலா, நாக்கிலா என்ற சந்தேகம் தீர்ந்தாக வேண்டும் அவருக்கு.

கூட வாசிக்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்கோ. ஓட்டல் மாடியில், சாப்பிடுகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூலையில், சாயங்காலங்களில் கீபோர்டுக்காரரோடு உட்கார்ந்து கிடார் வாசிப்பது பிழைப்பு. காலடியில் செங்கல் கனத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. கத்திரிப்பூ நிறம், மிதிக்கிற இடத்தில் பெயின்ட் போய்த் தகரம் பல்லிளிக்கிறது. மேலே மூன்று குமிழ்கள். ஒன்றின் தலை என்றோ உடைந்துபோக, அதற்குப் பற்பசை மூடியை மாட்டியிருக்கிறார். தந்தியைத் தட்டினால் பெட்டி அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பித் தரும். பிறகு இன்னொரு முறை, சற்று மங்கலாக. பிறகு இன்னும் மங்கலாக. கல்யாணமான புதிதில் வாங்கியது. அப்போதே அது பழசு.

"இப்ப வர்ற பெட்டியெல்லாம் கிளிப்பிள்ளைங்க. சொன்னதை அப்படியே ஒப்பிக்கும். இது வேற. வீடு தீப்பிடிச்சா வரிசையா நின்னு வாளிவாளியா தண்ணி கை மாத்துவாங்க பாருங்க, அந்த மாதிரி உள்ள ஒரு சின்ன சிப்பு சத்தத்தைக் கை மாத்தி விடுது. ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்துறதுலதான் சுகமே."

"கடைசில தீ அணைஞ்சுதாண்ணே?" என்பார் கீபோர்டுக்காரர். ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"சிரி, சிரி. இது இல்லாட்டி நான் சும்மா கம்பியைச் சொறியறவன்." இதை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார்.

சிந்துவது அதிகமாகிவிட்டது என்று போன மழைக்காலத்தில் அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. முதல் எதிரொலி பரவாயில்லை. இரண்டாவது போர்வைக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவது பக்கத்து வீட்டிலிருந்து. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. தந்திகளை மாற்றினார். ஒயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை மாற்றினார். "குக்கர் கூவிக் கூவி அடிப்பிடிச்சுப் போச்சு, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே!" என்று மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்த அன்றுகூட, அவர் புது ஸ்பீக்கரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ரேடியோ ரிப்பேர்க்காரர் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பெட்டியைத் திறந்து, சோதனை மிஷினின் திரையில் பச்சை அலையை ஓடவிட்டுப் பார்த்தார். "பெட்டி கல்லு மாதிரி இருக்குடா. உன் காதைக் கழட்டிக் குடு, அதையும் பாத்துடறேன்" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எக்கோவும் சிரித்தார். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள், மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும், அவரே பெட்டியைத் திறந்தார். உள்ளே மிளகளவில் திருகுகள். செய்த இடத்தில் யாரோ அளவு பார்த்து நிறுத்தி, அசையாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு மெழுகு விட்டிருந்தார்கள். இத்தனை வருஷமும் அவர் தொடத் துணியாத மெழுகு. ஊசியால் சுரண்டி எடுத்தார். ஒரு திருகு, ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கவனிப்பு, மறுபடி திருகு. மேஜையில் மூடிவைத்த சாப்பாடு ஆறிப்போனது. ஏதோ ஓர் இடத்தில் பழைய பளபளப்பு அப்படியே எழுந்து வந்தது. ஆளில்லாத வீட்டில் வாய்விட்டு, "வந்துட்டியா!" என்றார்.

அன்று சாயங்காலம் ஓட்டலில், "இன்னிக்குக் கேளுங்க தம்பி" என்று கீபோர்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை மிதித்தார். மழை விட்ட தெருவில் விளக்குகள் எரிகிற மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். திறந்தபோது, எதிர் மேஜையில் ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. அதன் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார். கீபோர்டுக்காரர் எழுந்து வந்து தன் காலால் பெட்டியை அணைத்தார்.

"என்னண்ணே இது! ஆணியால தகரத்தைக் கீறுற மாதிரி ஒரே கீச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

எந்தக் கீச்சு என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. அந்தக் குழந்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்பேர்க்காரர் திருகுகளைப் பழைய இடத்தில் நிறுத்தி, புது மெழுகு விட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை கேலி எதுவும் வரவில்லை. அதுதான் எக்கோவை என்னவோ செய்தது. "அப்படியே பழைய மாதிரிண்ணே" என்றார் கீபோர்டுக்காரர். எக்கோவுக்கு அது போர்வைக்குள்ளேயே கிடந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் கத்திப் பேசறதைக் கோவம்னா நினைச்சீங்க இவ்வளவு நாளும்?" என்றாள் மனைவி. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். காது டாக்டர், போனது இனி வராது, மிஷின் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்றார்.

"பேச்சை வெச்சு நான் என்ன பண்ண?"

"ஏங்க, அப்ப என்கூடப் பேச வேணாமா?"



இப்போது குமிழ்களைக் கண்ணால்தான் வைக்கிறார். மூன்றிலும் அவள் சிவப்பு நகப்பாலிஷால் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள்; பொட்டு உச்சிக்கு வந்தால் சரி. ஓட்டலில் யாரும் எதையும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டாலும் சொல்லவில்லை. கீபோர்டுக்காரர், தீ அணைந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

அவளுக்கு லீவு நாளென்றால் வீட்டில் ஒரு சோதனை நடக்கும். அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடிப்பாள். "கேக்குற வரைக்கும் ஒரு கையைத் தூக்கியே வை. நின்னதும் இறக்கிடு" என்று சொல்லிவிட்டுத் தந்தியைத் தட்டி, ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கத் துணி மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். காது விட்டுவிட்ட எதிரொலிகள் கொஞ்ச நேரம் கையில் வந்து மோதும். கையும் விட்டுவிட்ட பிறகு, அவளுடைய கை. அது மேலே நிற்கிறவரை எங்கோ சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

போன வாரம் அது வெகுநேரம் நின்றது. பெட்டி ஒருநாளும் அவ்வளவு நீளத் திருப்பித் தந்ததில்லை. இடது கையால் ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழை மெல்ல, ஓசை எழாமல், முழுசாகக் கீழே இறக்கினார். இனி அதிலிருந்து ஒன்றும் வர வழியில்லை. நிமிர்ந்து பார்த்தார். மடித்த துணிகளுக்கு மேலே அவள் கை அப்படியே தூக்கியிருந்தது.

அவர் உள்ளங்கையை ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுக்கவில்லை.