கடைசிப் பெட்டியில் சுழன்ற துண்டு

சுப்புராயன் அண்ணன் கடலுக்குப் போகாத நேரமெல்லாம் எங்கள் டீக்கடைக்கு எதிரில், ரயில் பாதையோரச் சுவரில்தான் உட்கார்ந்திருப்பார். கூட்ஸ் வண்டி பார்ப்பது அவருக்கு ஒரு பைத்தியம். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்குக் கரி ஏற்றிப் போவது, துறைமுகத்திலிருந்து கன்டெய்னரோடு வருவது, எண்ணெய் டேங்கர் எல்லாமே அவருக்குப் பழக்கம். இஞ்சின் வளைவில் திரும்பும்போதே, "அரக்கோணம் இஞ்சின்க்கா, பெட்டி அம்பத்தெட்டு" என்பார் என்னிடம். எண்ணினால் சரியாக இருக்கும்.

அவர் தம்பி வெற்றியும் கூட உட்காருவான். பெட்டி ஒற்றையா இரட்டையா என்று பந்தயம். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும்.

"நடுவுல ஒரு பெட்டிய மரம் மறைச்சிருச்சுண்ணா, இது செல்லாது" என்பான் வெற்றி.

"மரம் நேத்தும் அங்கதான் இருந்துச்சு. டீய சொல்றா."

ஐந்து வருஷம் முன்பு ஐப்பசியில் வெற்றி தனியாகக் கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் அவன் படகு மட்டும் பழவேற்காடு பக்கம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

நாற்பது நாள் கழிந்திருக்கும். கரி வண்டி போன கையோடு அண்ணன் கடைக்கு ஓடிவந்தார்.

அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன் நிறைந்து வரும் போட்டிலிருந்து ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து, உயரத் தூக்கி மூன்று சுற்று சுற்றுவார். கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து ஆள் திரட்டுவார்கள். வெளியாருக்கு அது தெரியாது.

"கடைசிப் பெட்டில ஒர்த்தன் நின்னுகினு மூணு சுத்து சுத்துறான்க்கா. ரயிலு கார்டுக்கு இன்னா தெரியும் அது? வெற்றிதான். எங்கியோ உசுரோட கீறான்."

நான் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். முதலில் துண்டைச் சுற்றியது அண்ணன்தான். கை தானாக உயர்ந்துவிட்டது போல. அதைப் பார்த்துத்தான் கார்டு தன் கழுத்துத் துண்டை எடுத்து அதே மாதிரி சுற்றினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? உண்மையைப் பேசு என்றுதான் எங்கள் வேதாகமம் சொல்கிறது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அண்ணனோ தினமும் வந்து துண்டைச் சுற்றினார். சில நாள் பதில் வந்தது. சில நாள் வரவில்லை.

வெற்றியின் மனைவி வினிதாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊர்ப் பெரியவர்கள், அண்ணன்காரன் சரி என்றால் கருமாதி செய்துவிடலாம் என்றார்கள். "உசுரோட கீறவனுக்கு எவன்டா எள்ளும் தண்ணியும் எறைப்பான்?" என்று அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

போன தவக்காலத்தில் வினிதா கடைக்கு வந்தாள்.

"நான் இப்போ பொண்டாட்டியா, தாலி அறுத்தவளாக்கா? பூ வெச்சாலும் பேசறாங்க, வெக்கலன்னாலும் பேசறாங்க. எங்க பெரிய மாமா நீ சொன்னா கேக்கும்க்கா."

அன்று சாயங்காலம் ஜெபம் பண்ணிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டு, நான் பார்த்ததைச் சொன்னேன்.

"நானா மொதல்ல சுத்துனேன்?"

"நீங்கதாண்ணே."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அஞ்சு வருசமா நான் சுத்திக்கினு இருந்தத, நீ பாத்துக்கினே இருந்தியா?"

நான் காலி டம்ளர்களை எடுத்து அலம்பத் தொடங்கினேன்.

கடற்கரையில் காரியம் நடந்தது. அண்ணனே முன்நின்று செய்தார். பதினைந்து நாள் கழித்துத்தான் கடைப் பக்கம் வந்தார். பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டை நான்காக மடித்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

கரி வண்டி வந்தது. தடக் தடக் என்ற சத்தத்தைக் கேட்டே அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

கடைசிப் பெட்டியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இங்கே யாரும் கை தூக்கவில்லை. அவன் தலைத்துண்டை அவிழ்த்து, உயரத் தூக்கி, மூன்று சுற்று சுற்றினான். பழகிப்போன கார்டாகத்தான் இருக்கவேண்டும். கரித்தூசியில் முகம் தெரியவில்லை.

"அம்பத்தெட்டு" என்றார் அண்ணன், திரும்பாமல். "கடைசில யார்னா நின்னுகினு இருந்தாங்களாக்கா?"

"கார்டு நின்னாரு."

"சும்மாதான் நின்னாரா?"

"ஆமாண்ணே. சும்மாதான்."

அவர் தலையாட்டிவிட்டு டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். வினிதா இப்போது எர்ணாவூரில் தையல் வேலைக்குப் போகிறாள், முகம் தெளிந்திருக்கிறது. நான்தான் கரி வண்டிச் சத்தம் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அது போய் முடியும்வரை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன்.