வண்டி மட்டும் திருடும் எலி

வரதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்பு ஆப்பரேட்டர். படியச் சீவிய தலை, இஸ்திரி கலையாத நீலச் சட்டை, எதிரில் யார் வந்தாலும் முந்திக்கொண்டு ஒரு வணக்கம். கோவளத்தில் அவர் தெருவில் ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும் சரி, மாமியார் மருமகள் சண்டை முற்றினாலும் சரி, "வரதண்ணன இட்டுகினு வாங்க" என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் நான்கு மாதம் ஒரு கடையில் திருடிக்கொண்டிருந்தார் என்றால் தெரு நம்பாது. என்ன திருடினார் என்று சொன்னால் சுத்தமாக நம்பாது.

ஆரம்பம் யோக்கியமாகத்தான் இருந்தது. ஒரு நாள் டீ நேரத்தில் கொறிப்பதற்கு 'லபக்' என்ற பத்து ரூபாய் மசாலா பாக்கெட் ஒன்றை வாங்கிப் பிரித்தார். உள்ளே கண்ணாடித்தாளில் சுற்றிய ஒரு ரோடு ரோலர் இருந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான். நல்ல மஞ்சள். மேஜைமேல் வைத்து விரலால் தள்ளினார். முன்சக்கரம் உருண்டது. அங்கேதான் வினை பிடித்தது. அந்தச் சக்கரம் உருளாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வரதன் கடைசி வரை நல்லவராகவே இருந்திருப்பார்.

பாக்கெட்டின் பின்பக்கம் பதினெட்டு வண்டிகளின் படம் போட்டு, 'எல்லாம் சேர்த்துவிட்டாயா?' என்று கேட்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகும் பழக்கம் வரதனுக்கு இல்லை.

தினம் ஒரு பாக்கெட் வாங்கினார். வண்டியை எடுத்துக்கொண்டு தீனியை ஆலையில் கூட வேலை செய்யும் ஜோஷ்வாவிடம் கொடுத்துவிடுவார். ஜோஷ்வா மூன்று வாரம் தாங்கினான்.

"அண்ணாத்த, நாக்கு வெந்து பூட்ச்சு. இனிமே லபக்க நீட்டுனா நான் நைட் ஷிப்ட்டுக்கு மாத்திக்கினு போய்டுவேன்" என்றான்.

அதற்குள் பதிமூன்று விதமான வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஆலை லாக்கரில் ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் ஆட்டோவும் கிரேனும் ஜேசிபியும் சமாதானமாகக் குடியிருந்தன. வராதவை ஐந்து. அவற்றில் நான்கு போனால் போகட்டும். நீல நிறத் தண்ணி லாரி வேண்டாமா? கடல் தண்ணீரையே சுத்தம் பண்ணி மெட்ராசுக்கு அனுப்புகிற மனிதனிடம் ஒரு தண்ணி லாரி இல்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? ஊருக்கு இப்படி ஒரு டப்பா இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

கோவளம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஹமீது பாயின் மினி சூப்பர் மார்க்கெட். பாய் சரக்கு எடுப்பார், அடுக்குவார், ஆர்டர் எடுக்க வருகிற சேல்ஸ்மேன்களோடு சண்டை போடுவார். பில் போடும் இடத்தில் அவர் மனைவி அக்தர் பேகம் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். கம்ப்யூட்டரில் கண் இருக்கும், கடையெல்லாம் காது இருக்கும்.

ஒரு நாள் மாலை, லபக் வரிசையில் ஒரு பாக்கெட்டின் மூலையை நிஜமான எலி ஒன்று கடித்திருந்தது. ஓட்டை வழியாக ஒரு சிவப்பு பஸ் எட்டிப் பார்த்தது. வரதனிடம் இல்லாத பஸ். எலி கடித்ததை யார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தார். இரண்டு விரல் உள்ளே போயிற்று. பஸ் சட்டைப் பைக்கு வந்தது. இப்படியாக வரதனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது ஓர் எலி.

எலி அதோடு வேறு தெருவுக்குப் போய்விட்டது. வரதன் தொடர்ந்தார். சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி உண்டு. பாக்கெட்டை வெளியிலிருந்தே தடவிப் பார்ப்பார். புதுசு மாதிரி தட்டுப்பட்டால் மூலையில் ஒரு சின்ன வெட்டு. முதல் வாரம் மனசு உறுத்தியது. இரண்டாம் வாரம் அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. பாக்கெட்டிலேயே 'பொம்மை இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இலவசமாகக் கொடுப்பதை எடுத்தால் அது எப்படித் திருட்டாகும்? ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பண்ணுகிறவருக்குத் தன் வழக்கில் தீர்ப்பு எழுத நேரம் பிடிக்கவில்லை.

ஹமீது பாய்க்குத்தான் பேஜாராகிவிட்டது. எலிப்பொறி வைத்தார். ஒட்டுகிற அட்டை வைத்தார்; அதில் அவர் செருப்பே ஒட்டிக்கொண்டு ஒரு காலோடு நின்றார். எங்கிருந்தோ ஒரு பூனையைக் கொண்டுவந்தார். அது நெத்திலிக் கருவாட்டை முடித்துவிட்டுப் போயிற்று.

வரதன் பக்கத்தில் நின்று ஆலோசனை வேறு சொன்னார். "பொறியில தேங்கா வெச்சா வராது பாய். மசால் வடை வை."

"எல்லாம் வெச்சிட்டேண்ணே. இன்னா எலி இது, ஒண்ணுத்துக்கும் மசிய மாட்டுது."

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்தர் பேகம் சொன்னார். "தீனிய அப்படியே வுட்டுட்டு வண்டிய மட்டும் இட்டுகினு போவுது. லைசென்ஸ் எடுத்த எலியா இருக்கும்."

பாய் சிரித்தார். வரதனும் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

பெரிய ஓட்டையாகத் தெரிந்த பாக்கெட்டுகளைப் பாய் ஒரு சாக்கில் போட்டுப் பின்னறையில் வைத்தார். வெட்டு சின்னதாக இருந்தவை கண்ணில் படாமல் அப்படியே விற்பனைக்குப் போயின. அதை வரதன் யோசித்துப் பார்க்கவே இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கிய வரதன் வழக்கம்போல் கடைக்குள் போனார். மேல்வரிசையில் ஒரு பாக்கெட்டைத் தடவினார். உருளையாக, நீளமாக ஏதோ தட்டுப்பட்டது. நகவெட்டி தன் வேலையைப் பார்த்தது. என்னவென்று பிரித்துப் பார்ப்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. கண்ணாடித்தாளோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

மீன் விற்கும் முனியம்மா ஏழு வயது மகள் சிநேகாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளை முகமெல்லாம் சளியும் கண்ணீருமாக இருந்தது. கையில் பிரித்த லபக் பாக்கெட்.

"இன்னா பாயம்மா இது? மூணு நாளா மீன் கூடைய தூக்கி வெச்சி ஒத்தாச பண்ணுச்சுன்னு இந்தப் புள்ளைக்கு வாங்கிக் குடுத்தேன். உள்ள வண்டியே இல்ல. போன வாரமும் இல்ல. ஏமாத்துறீங்களா?"

"நான் கம்பெனிக்காரன் கிட்ட சொல்றேன் முனியம்மா" என்றார் ஹமீது பாய் பரிதாபமாக.

"கம்பெனிக்காரனா வந்து இது அழுவுறத நிறுத்துவான்?"

சிநேகா அழுகையை நிறுத்தவில்லை. சத்தம் போட்டு அழுதால்கூடத் தாங்கலாம். அவள் பாக்கெட்டுக்குள் கையை விட்டு மறுபடியும் துழாவிப் பார்த்துக்கொண்டே அழுதாள். மசாலா ஒட்டிய விரல்கள் வெறுமனே வெளியே வந்தன.

எத்தனையோ வீட்டுச் சண்டையில் நடுவில் நின்று, "தப்பு யார் மேல கீதோ அவன் முன்னாடி வா" என்று அதட்டியவர் வரதன். இப்போது முன்னாடி வரக் கால் வரவில்லை. சட்டென்று குனிந்தார். சட்டைப் பையிலிருந்ததைத் தரையில் நழுவவிட்டு, பொறுக்குவதுபோல் எடுத்தார்.

"தோ, இங்க கீது பாரு கண்ணு! பாக்கெட்லேர்ந்து கீழ வுழுந்துடுச்சு போல."

சிநேகா வாங்கிக் கண்ணாடித்தாளைப் பிய்த்தாள். உள்ளே நீல நிறத்தில், பின்னால் சின்னக் குழாயோடு, தண்ணி லாரி.

வரதன் பார்த்தார். ஐந்து மாதமாகத் தேடியது. ஒரு கணம் கை தானாக முன்னால் போனது. மூக்கைத் தேய்த்துச் சமாளித்தார்.

"ஐ! எங்க தெருவுல யாருக்குமே இது வரல" என்றாள் சிநேகா. அம்மாவும் மகளும் போனார்கள். சேல்ஸ்மேனுக்குப் போன் போட ஹமீது பாய் வெளியே போனார்.

கடையில் பில் போடுகிறவரும் வரதனும் மட்டும் மிஞ்சினார்கள்.

"அண்ணே" என்றார் அக்தர் பேகம். "அந்தப் புள்ள வூட்ல பிரிச்ச பாக்கெட்டு. வண்டி எப்படி எங்க கடை தரையில வுழும்?"

வரதன் ஃபேனைப் பார்த்தார். ஃபேன் உதவவில்லை.

"எவ்ளோ நாளா தெரியும் பாயம்மா?"

"எலி அஞ்சடி ஒசர ரேக்குல, நேர்க்கோட்டுல கடிக்குதேன்னு ரெண்டு மாசமா பாத்துகினு தான் இருந்தேன். நீங்களே நிறுத்திடுவீங்கன்னு வுட்டேன். இன்னிக்கு அந்தப் புள்ள அழுவுறத பாத்தப்புறம் வுட முடியல."

"போலீசுக்கு கீலீசுக்கு..."

"போலீசுக்குப் போய் இன்னான்னு எழுதிக் குடுக்கறது? ஜேசிபி காணோம்னா?" அக்தர் பேகம் முதல் முறையாகச் சிரித்தார். உடனே நிறுத்தினார். "நாளைக்கு எல்லா வண்டியையும் எடுத்துகினு வந்து குடுங்க. வண்டியில்லாம வர்ற புள்ளைங்களுக்கு நான் குடுத்துக்கிறேன். கிழிஞ்ச பாக்கெட்டுங்க ஒரு சாக்கு கீது, அதுக்கு பில் போடுறேன், வூட்டுக்கு எடுத்துகினு போங்க. அவர் கிட்ட நான் சொல்ல மாட்டேன். வூட்ல அண்ணி கிட்ட நீங்களே சொல்லிடணும்."

"அது மட்டும் வேணாமே" என்றார் வரதன். பில் மெஷின் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்த கணவனைச் சந்திரம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாய்யா, கடை வைக்கப் போறியா?"

வரதன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வழியெல்லாம் யோசித்து வைத்த முடிவுரையையும் சேர்த்துக்கொண்டார். "சின்ன வயசுல நமக்கு பொம்ம கிம்ம ஏது சந்திரா? அப்பன் ஆத்தா அடுத்தவன் நெலத்துல கூலிக்கு நின்னாங்க. அந்த ஏக்கந்தான்..."

"சும்மா கத வுடாத" என்றாள் சந்திரம்மா. "டயர் வண்டி வெச்சிருந்தேன், நுங்கு வண்டி வெச்சிருந்தேன், கோலிகுண்டுல செய்யூரையே ஜெயிச்சேன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிகினு கீற. உனக்கா ஏக்கம்? ஆச புட்ச்சி எடுத்த. அப்படிச் சொல்லு."

வரதன் தலையாட்டினார். "ஆமா" என்றார். "சக்கரம் நல்லா உருண்டுச்சு."

சந்திரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளேயிருந்து வெகுநேரம் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. பத்து நாள் அந்த வீட்டில் மாலைத் தீனி லபக்தான்.

மறுநாள் டிபன் டப்பா கடைக்குப் போயிற்று, காசு கொடுத்து வாங்கிய வண்டிகளும் சேர்த்தே. பிரித்துச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அதன்பிறகு கடைக்குள் நுழையும்போது சாவிக்கொத்தைத் தானாகவே பில் மேஜைமேல் வைத்துவிடுவார். யாரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாயின் மகள் ஜன்னாவுக்குப் பிரசவ வலி எடுத்து, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாகப் போன் வந்தது. திருப்போரூர் வழியாகப் போக ஆட்டோ வந்து நின்றது. ஹமீது பாய் ஷட்டரை இழுக்கப் போனார்.

"ஞாயித்துக்கிழம யாவாரம், எதுக்கு மூடணும்? வரதண்ணன் கீறாரு இல்ல" என்றார் அக்தர் பேகம்.

சாமான் வாங்க வந்திருந்த வரதன் அவரைப் பார்த்தார். "நானா?"

"நீங்கதாண்ணே. பூட்டுன கடையத்தான் எலி பாக்கும்."

அன்று மதியம் முழுக்க வரதன் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போதாத குறைக்கு இரண்டு மணிக்கு லபக் வேன் வந்து புதுப் பெட்டியை இறக்கியது. வண்டி வரிசை முடிந்துபோய், இப்போது பறவை வரிசை. பாக்கெட்டுகளைத் தடவாமல், ஓரத்தைப் பிடித்து எடுத்து அடுக்கினார். அடுக்கியபின் அந்த ரேக்குக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பதினோரு முறைதான் திரும்பிப் பார்த்தார். இது அவரே சொன்ன கணக்கு.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஹமீது பாய் கல்கண்டு டப்பாவோடு வந்து இறங்கினார். பேத்தி பிறந்திருந்தாள். தாயும் சேயும் நலம். வரதன் இரண்டு கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பாக்கெட்டை, மேலாக இருந்ததை, பார்க்காமலே எடுத்துப் பில் போடச் சொன்னார்.

வீட்டு வாசலிலேயே சந்திரம்மாவிடம் நீட்டினார். "நீயே பிரி."

சந்திரம்மா பிரித்தாள். ஒரு காக்கா. கழுத்து கொஞ்சம் கோணல்.

"மயிலு, கிளின்னு எவ்ளோ கீது, உனக்குன்னு வந்து மாட்டுது பாரு" என்றாள். அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, டிவி மேல், வாசலைப் பார்க்க வைத்தாள்.