கெட்ட தண்ணீர் கேட்டுப் போனவர்

தர்மபுரிக்கு வெளியே பல்கலைக்கழகம் நடத்திய ஆராய்ச்சி மையத்தில் ஸ்தனிஸ்லாஸ் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தது எழுபத்தோராம் ஆண்டு. மானாவாரி நிலத்துக்கு எந்த விதை தாங்கும் என்று பார்ப்பதும் அங்கேதான். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியில் இன்னும் கொஞ்சம் மாவு எடுப்பது எப்படி என்று ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்காரர்கள் வந்து கேட்பதும் அங்கேதான். ஊர் ஊராகப் போய் மண்ணும் தண்ணீரும் எடுத்து வருவது அவர் வேலை. படித்து முடித்துச் சும்மா கிடந்த காலம் அவரைப் பேச்சுக் குறைந்தவராக்கியிருந்தது. கிடைத்த வேலையைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம் அவர் நடையிலேயே தெரியும்.

நல்லம்பள்ளிக்கு அப்பால் ஒரு ஊரார், சேகோ மில்லின் கழிவு ஓடையில் இறங்கித் தங்கள் கிணறுகளைக் கெடுக்கிறது என்று மையத்தில் மனுக் கொடுத்திருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் சீசாக்களோடு போனார். ஊர்க் கிணற்றில் வெளியாள் கயிறு போடுவது வழக்கமில்லை. வீடு வீடாகக் கேட்டார். துலக்கிய சொம்புகளில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மையத்தில், தானே கிணற்றில் சேந்தியதாக எழுதிக் கொடுத்துவிட்டார். பரிசோதனையில் எல்லாமே நல்ல தண்ணீர். முடிவைச் சொல்ல ஊருக்குப் போனபோது, அன்று தண்ணீர் ஊற்றிய குள்ளம்மாள் குடத்தோடு மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“இவ்வளவு தூரம் போயா தண்ணி எடுக்கறீங்க?”

“வேற எங்கீங்க போறது? மேட்டுல சென்றாயன் காட்டுக் கெணறு ஒண்ணுதான் தப்பிச்சிருக்குது.”

“அப்ப அன்னைக்கு எனக்கு ஊத்துனது?”

“இதேதானுங்க. வூடு தேடி வந்து கேக்கறீங்க, மாடே மூஞ்சியத் திருப்பற தண்ணியவா குடுப்போம்? அந்தளவுக்கு நாங்க கெட்டுப் போவலைங்க.”

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் வேலை போகலாம். ஸ்தனிஸ்லாஸ் நேரே மையத்துக்குத் திரும்பி, இயக்குநர் கிருஷ்ணப்பன் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார்.

“நீங்களே சேந்துனதா எழுதியிருக்கீங்களே?”

“தப்புங்க, சார்.”

கிருஷ்ணப்பன் அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்தார். “மில்லும் நம்மகிட்டதான் வருது, ஊரும் நம்மகிட்டதான் வருது. நாளைக்கு மறுபடி போங்க. மத்தத வந்தப்புறம் பேசிக்கலாம்.”

மறுநாள் கிணற்றடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். குள்ளம்மாள் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“எங்கூருத் தண்ணி நாத்தம்னு எழுதிப்புட்டீங்கன்னா எம்பொண்ணு செல்லம்மாள எவனுங்க கட்டுவான்?”

“மனு எழுதுன ஆம்பளைங்க டீக்கடையில இருக்கறாங்க. அவங்க குடிச்சுட்டு வெச்ச கிளாசக் கழுவுன தண்ணிய எடுத்துட்டுப் போங்க” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். “இன்னைக்கு நான் வெறுங்கையோட போனா, மில்லுமேல தப்பில்லைன்னு ஆயிரும்ங்க. கொஞ்ச நாள்ல சென்றாயன் கெணறும் போயிரும். அப்புறம் வர்றவங்களுக்குச் சொம்புல எத ஊத்துவீங்க?”

குள்ளம்மாள் கயிற்றை அவர் காலடியில் போட்டாள்.

“நாங்க குடுக்க மாட்டோம். வேணும்னா நீங்களே சேந்திக்குங்க.”

சேந்தினார். நுரையோடு புளித்த வாடை மேலே வந்தது. பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், நாற்றத்துக்காக அல்ல.

“மூடிய இறுக்கமாத் திருகுங்க. பஸ்ஸுல நாலு பேரு மூக்கப் பொத்திக்கிட்டு, எந்தூருன்னு கேப்பாங்க” என்றாள் குள்ளம்மாள்.

அந்த முறை முடிவு வேறாக வந்தது. மையம் சொன்ன இடத்தில் மில் கழிவுக் குட்டைகள் வெட்டியது. கிணறுகள் தெளியப் பல மழை ஆயிற்று. ஸ்தனிஸ்லாஸின் வேலை போகவில்லை, நிரந்தரமாவது மட்டும் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் இருந்தவரை குறைப்பட்டுக்கொண்டதில்லை. அறிக்கை தட்டச்சுக்குப் போகுமுன் கிருஷ்ணப்பனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். தட்டச்சாகி வந்ததில் ஊரின் பெயர் வர வேண்டிய இடத்தில், மில் கழிவு ஓடைக்குக் கிழக்கே உள்ள கிணறுகள் என்றே இருந்தது.