குடியுரிமைக் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம்

விரல் முந்திக்கொண்டது

"அண்ணா, நிப்பாட்டுங்க! நான் இந்தியன் இல்ல!"

திண்டிவனத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடையில் எனக்கு வேலை. இந்தத் தொழிலில் விரல் முன்னால் ஓடும், மூளை பின்னால் மூச்சிரைக்க வரும். கட்டங்களை நிரப்பி நொந்த உங்களுக்கும் இது தெரியும். போதாததற்கு எங்கள் கடையில் ஒரு வழக்கம். 'இந்தியன், தமிழ்நாடு, தமிழ்' மூன்றையும் கம்ப்யூட்டர் தானாகவே நிரப்பிவிடும்படி வைத்திருக்கிறோம். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் மிச்சம். பெயரையும் மார்க்கையும் அடித்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான்.

அன்றைக்கு அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். அப்போதுதான் நிரோஜா கத்தினாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவள். நர்சிங் படிக்க விண்ணப்பம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி நேரம். போன வருஷம் அதே முகாம் பையன் ஒருவனை எவனோ இப்படித்தான் இந்தியன் என்று அனுப்பிவிட்டான். சான்றிதழ் சரிபார்க்கும்போது பொய்த் தகவல் என்று சீட்டை எடுத்துவிட்டார்கள்.

"இங்கதானே பொறந்த, அப்புறம் என்ன?" என்றேன். பக்கத்தில் நின்ற அவள் அம்மா குனிந்து திரையைப் பார்த்தார்.

"பிறந்தது இங்கதான் தம்பி. நாங்கள் சொன்னாப் போதுமே? கவர்மெண்டு ஆக்களும் எல்லோ சொல்ல வேணும்!"

அண்டார்டிகா உண்டு

இந்தியனை எடுத்துவிட்டு 'இலங்கை'யைப் போட்டேன். உடனே பாஸ்போர்ட் நம்பர், விசா முடியும் தேதி என்று இரண்டு கட்டம் முளைத்தது. இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். சிவப்பு நட்சத்திரம் என்றால் நிரப்பாமல் நகர முடியாது. அவளிடம் இருப்பது முகாம் அட்டை ஒன்றுதான்.

நாட்டுப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன். குடியிருக்க ஒரு ஆள் இல்லாத அண்டார்டிகாவுக்கு அதில் இடம் இருக்கிறது. எதிரில் ரத்தமும் சதையுமாக நிற்கிற பெண்ணுக்கு இல்லை. கடைசியில் இருந்த 'மற்றவை'யைத் தொட்டாலும் அதே இரண்டு கட்டம். இதைச் செய்தவன் என்னைவிடப் பெரிய படிப்புப் படித்திருப்பான். நான் ப்ளஸ் டூவில் தோற்றவன். 'அரசு, தேசம், தேசிய இனம், வேறுபடுத்துக' என்ற ஐந்து மார்க் கேள்விக்கு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது கேட்டால் பத்துப் பக்கம் எழுதுவேன். எவன் கேட்கிறான்?

"இலங்கைன்னே போட்டு வேற வழி பார்க்கலாமா?" என்று இழுத்தேன்.

"நான் அந்த ஊரை மேப்லதாண்ணா பாத்திருக்கேன்" என்றாள்.

மின்வெட்டு எல்லை

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டுதான் வந்தது. ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அம்மாவும் பெண்ணும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

வந்தவர் பாண்டிச்சேரி எல்லையோரத்து விவசாயி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். பையனுக்கு இருப்பிடச் சான்று வேண்டும். ஏற்கெனவே மூன்று தடவை தள்ளுபடி. வீட்டு வாசல் தமிழ்நாட்டில், கூடம் பாண்டியில். இந்தப் பக்கத்து ஆபீஸ் அங்கே போ என்கிறது, அந்தப் பக்கத்து ஆபீஸ் இங்கே போ என்கிறது. கடைசியாக ஒரு அதிகாரி ரொம்ப யோசித்து, "ராத்திரி எங்கய்யா படுக்கறே?" என்று கேட்டாராம். கரண்டு இருந்தால் கூடத்தில் ஃபேனுக்கு அடியில், போய்விட்டால் வாசலில் என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதைக் குறிப்பெழுதி, அதற்காகவே மூன்றாம் தடவையும் தள்ளிவிட்டார்கள்.

"எங்கூட்டுக் கோழி தெனம் ரெண்டு மாநிலத்துலயும் மேஞ்சிக்கினு கீது. அத்த எவனாச்சும் கேட்டானா?" என்று பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். நிரோஜாவின் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

பாம்பு எங்கே?

உதவி எண் தானாகவே துண்டித்துக்கொண்டது. மறுபடி போட்டேன். அதற்குள் வல்லம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். இருளர். மகளுக்குச் சாதிச் சான்று கேட்டு மனு. மனு போடுவது இது நாலாவது தடவை.

அவர் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர். விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி மேலும் கீழும் பார்த்தாராம். "பேன்ட் போட்டுக்கினு, செல்போன் வெச்சிக்கினு வர. நீ இருளரா? பாம்பு புடிப்பியா?" இவருக்குப் பாம்பென்றால் பயம். அதைச் சொன்னதும் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. ஒரு இனத்தை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு உடுப்பை வைத்து எடை போடுகிற மூளைக்குத்தான் மாசம் பிறந்தால் சம்பளம்.

ஆபீஸில் கேட்க முடியாததை எங்கள் கடையில் கேட்டார்.

"அவுரு சாதிக்கு அவுரு இன்னாத்த புடிச்சிக் காட்டுனாரு தம்பி?"

க்யூ நிக்குது

மூன்றரைக்கு முதலாளி செல்வம் அண்ணன் வந்தார். பெஞ்சையும் என்னையும் பார்த்தார்.

"இன்னாடா, கல்யாண ஊட்ல மாதிரி உக்கார வெச்சிக்கினு கீற? இந்தியன்னு போட்டு அனுப்பு. எவன் பாக்கப் போறான்?"

"வெரிஃபிகேஷன்ல பாப்பாங்கண்ணே. சீட்டு போயிரும்."

"சீட்டு போனா அது அவங்க பிரச்சனை. க்யூ நின்னா என் பிரச்சனை. ஜல்தி!"

என் கையிலிருந்த மௌஸைப் பிடுங்க வந்தார். நான் விடவில்லை. நிரோஜா எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த ஆளின் வேலையைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அண்ணனே செய்ய ஆரம்பித்தார், என்னைத் திட்டிக்கொண்டே.

நாலு இருபதுக்கு உதவி எண்ணில் ஒரு மனிதக் குரல். விஷயத்தைச் சொன்னேன். "அட, 'மற்றவை' போடுங்க சார். பாஸ்போர்ட் கட்டத்துல முகாம் அட்டை நம்பர். விசா தேதிக்கு அட்டை முடியற தேதி. அட்டையை ஸ்கேன் பண்ணி ஏத்துங்க. முகாம் பிள்ளைங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். இரண்டு வரியில் முடிகிற இந்தச் சங்கதியை அந்தக் கட்டத்துக்குக் கீழே எழுதி வைக்க ஒருத்தனுக்கும் கை வரவில்லை.

அட்டை எண்ணில் நடுவே இருந்த சாய்கோட்டை, அதாவது ஸ்லாஷை, கட்டம் ஏற்கவில்லை. எடுத்துவிட்டு அடித்தேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்ப எண் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இந்த 'மற்றவை'ல என்கூட யார் யாரு இருப்பாங்க?"

சர்வர்

போன வாரம் சரிபார்ப்பு முடிந்து சீட்டை உறுதி செய்துவிட்டார்கள். நிரோஜாவின் அம்மாதான் போனில் சொன்னார். செல்வம் அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

"ஒரு ஃபாரத்துக்கு அரை நாளு! இனிமே முகாம்காரங்க வந்தா சர்வர் டவுனுன்னு சொல்லி அனுப்பிடு, தெரிதா?"

இன்றைக்குக் காலையில் அதே முகாமிலிருந்து மூன்று பேர் வந்து சர்வர் ஓடுகிறதா என்று கேட்டார்கள், நன்றாக ஓடுகிறது என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன்.