நாவல் வீடு எது

பள்ளிக்கூடப் படி ஏறாத தனக்கோடி, முள்ளிப்பட்டில் நாற்பத்தொரு நெசவு வீடுகளின் கதையைக் கேட்டுத் திரட்டிக் கொடுத்தாள். சென்னையில் அச்சான ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது. பேராசிரியரே அதற்குக் கீழேதான். 2004இல் இரண்டு ஆண்களைத் தோற்கடித்து நெசவாளர் சங்க நிர்வாகக் குழுவுக்குப் போனாள். இதெல்லாம் நடக்கும் என்று 1998 ஆவணியில் யாராவது சொல்லியிருந்தால் அவள் அண்ணன் பலராமனே நம்பியிருக்கமாட்டான். அப்போது அவனுக்கு இருந்ததெல்லாம் பயம்.

நெசவாளர் வாழ்க்கையை ஆராய வந்த மாணவி துர்காவிடம் முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தனக்கோடி கூடப் போன பிறகுதான் பேசினார்கள். துர்கா நோட்டில் யார் பெயரையும் எழுதுவதில்லை; வீட்டுக்கு ஒரு மரத்தின் பெயர் வைத்தாள். எந்த மரம் எந்த வீடு என்பது அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். துர்கா செய்த தவறு ஒன்றுதான்: ஊரில் பாதித் தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி ராஜவேலுவின் மாடியில் குடியிருந்தாள்.

அவள் திருமலைக்குப் போயிருந்த ஒரு நாள், ராஜவேலு நோட்டைப் புரட்டினார். நாவல் வீட்டின் இரண்டாவது தறியில் வேறு முதலாளியின் பாவு ஓடுகிறது என்று அதில் இருந்தது. அவரிடம் பாவு வாங்கும் வீட்டில் அடுத்தவர் பாவு ஏறக்கூடாது. ஏறினால் அந்த வீட்டுக்கு அவர் பாவு நின்றுவிடும். அது தன்னிடம் பாவு வாங்கும் எல்லப்பன் வீடுதான் என்று அவருக்குச் சந்தேகம். பஞ்சாயத்தில் வைக்கச் சாட்சி வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, தனக்கோடியின் ரேகை வாங்க மைப்பெட்டியோடு பலராமன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கையெழுத்து தெரியாத பொண்ணுக்கு ஆராய்ச்சி இன்னா கேடு? ரேகை வெய்யி, போதும். இல்லன்னா நாளையிலேருந்து உங்க ரெண்டு தறிக்கும் பாவு கெடையாது."

இரண்டு தறி நின்றால் வீட்டில் ஆறு வாய் பட்டினி. பலராமன் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தான். தங்கையின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை மைப்பெட்டிப் பக்கம் இழுத்தான். விரல் மையில் பட்டும்விட்டது.

தனக்கோடி விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கைய உடுண்ணா. எனக்கும் பயமாத்தான் கீது. என்ன நம்பி சொன்னாங்க, நான் வெக்கமாட்டேன்."

பலராமன் கையை விட்டான். ராஜவேலு காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். சொன்னபடியே பாவு நின்றது. ஆரணியில் வேறொருவரிடம் பாவு கிடைக்க ஐந்து வாரம் ஆனது. எல்லப்பனின் தறிகள் நிற்கவில்லை.

திரும்பி வந்த துர்கா நடந்ததைக் கேட்டு அழுதாள். அன்றே ஜாகையை மாற்றினாள். தனக்கோடி அவளிடம் ஒன்றுதான் கேட்டாள். ரேகையை யார் வேண்டுமானாலும் கையைப் பிடித்து அமுக்கி வாங்கிவிடலாம், தன் பெயரை எழுதக் கற்றுக்கொடு என்றாள். பலராமன்தான் சிலேட்டு வாங்கி வந்தான். பதினாறு நாள் எழுதினாள். பிறகு, ஆய்வுக்குச் சம்மதம் என்ற துர்காவின் படிவத்தில், யாரும் கையைத் தொடாமல், 'ப. தனக்கோடி' என்று போட்டாள்: 1998 செப்டம்பர் 17, வியாழக்கிழமை.