முற்றத்தில் நின்ற வள்ளம்

சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில், எங்கள் முற்றத்தின் ஒரு மூலையில் கிணறு இருந்தது. எதிர்மூலையில் மீன் கழுவும் சீமெந்துத் தளம். இரண்டுக்கும் இடையிலான பாதை வில்லைப் போல வளைந்து கிடந்தது. வாளிகளோடு நடந்த கால்கள் மணலில் பதித்த பாதை அது. வளைவின் உள்பக்கத்தில் அடம்பன் கொடி படர்ந்து ஊதாப் பூப் பூத்திருந்தது. வீட்டில் எல்லோரும் அந்த வளைவில்தான் நடந்தோம்.

எனக்கு ஒன்பது வயது. முந்தைய வருடம் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஓடி முதலாவதாக வந்திருந்தேன். கருவாட்டு வேலையை முடித்துவிட்டு அம்மா வந்து சேர்ந்தபோது மைதானத்தில் பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

போட்டியன்று காலை படகு நிறையக் கட்டா மீன். அப்பாவுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. வெட்டிய மீனை உடனே கழுவி உப்பில் போடாவிட்டால் பழுதாகிவிடும்.

"இந்த முறையும் பந்தல் கழட்டத்தானே வருவீங்கள்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"வாயைப் பார் இவளுக்கு! தண்ணியைத் தூக்கு."

சித்தப்பா மணம் முடித்து, கட்டைபறிச்சானிலிருந்து சின்னம்மாவைக் கூட்டிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வயல்காரர் வீட்டுப் பெண். கேட்டால் மட்டும் பேசுவார். அன்று கேட்காமலே பேசினார்.

"அக்கா, ஏன் எல்லாரும் சுத்திப் போறம்?"

மீன் வெட்டிக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே, "நடுவில வள்ளம் நிக்குது பிள்ளை" என்றார்.

"எங்க நிக்குது?"

கத்தி நின்றது. அப்பா திரும்பிப் பார்த்தார். அங்கே அடம்பன் கொடியும் ஒரு கோழியும் இருந்தன. பழுதுபார்க்க இழுத்து வைத்திருந்த மர வள்ளத்தை வெருகல்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு ஃபைபர் படகு வாங்கியது நான் பிறப்பதற்கு முன்பு. கண்ணாலே காணாத ஒரு வள்ளத்துக்கு நானும் வழிவிட்டு நடந்து வளர்ந்திருக்கிறேன்.

அம்மா வாளியை வைத்துவிட்டு மணலிலேயே இருந்து சிரித்தார். சித்தப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு, "முந்தநாள் இருட்டில அதிலதான் முட்டினனான் அண்ணி" என்றார்.

சின்னம்மாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "நேர இவ்வளவு கிட்டத்தான். வரிசையா நிண்டு வாளியைக் கைக்குக் கை குடுப்பம். ஒருத்தரும் நடக்கத் தேவையில்லை."

கொடியை மிதித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். வாளிகள் போய் வந்தன. கோழிதான் கோபித்துக்கொண்டு வெளியேறியது.

நான் ஓடும்போது அம்மா கோட்டோரம் நின்று, கையில் உப்புக் காயாமலே, என் பெயரைக் கத்தினார். அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓடியதில் மூன்றாவதாக வந்தேன். அதற்குப் பிறகு எந்த வெற்றியிலும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சின்னம்மா அன்றைக்குத்தான் அதைக் கவனித்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். போன வருடம் கேட்டபோது சிரித்தார்.

"வந்த முதல் நாளே கண்டனான். புதுசா வந்தவள் குறை சொல்லுறாள் எண்டு நினைப்பீங்களோ எண்டு பயம்."

"பிறகேன் சொன்னீங்கள்?"

"நீ அழுதனீயல்லோ."

அந்த இரண்டு மாதமும் அவரும் வாளியோடு வளைந்தே நடந்தார். நாங்கள் வள்ளம் நிற்கிறதென்று சுற்றினோம். அவர் அங்கே ஒன்றுமே இல்லையென்று தெரிந்துகொண்டு, எங்களுக்குப் பின்னால் சுற்றியிருக்கிறார்.