ஆழ்ந்த அமைதியில் பதினொரு பேர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு ஊழியத்துக்கு வந்த மூன்றாம் மாதம் தலைமை அலுவலகத்துக்கு நான் அனுப்பிய அறிக்கையில் இப்படி எழுதியிருந்தேன்: "தினமும் காலையில் பதினொரு பேர் ஜெப அறைக்குத் தவறாமல் வருகிறார்கள். கண்களை மூடி, மணிக்கணக்கில் ஆழ்ந்த அமைதியில் இருக்கிறார்கள்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதினொரு பேரும் தூங்கினார்கள், அவ்வளவுதான்.

பந்தல்குடிப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் அவர்கள். நான் நாகர்கோவில்காரன். அவர்களுக்காக நான்கு மாதம் உட்கார்ந்து ஒடியா படித்தேன். உட்கார்ந்து என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாத உடம்பு என்னுடையது. அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்துதான் படித்தேன். வந்து இறங்கிய பிறகு பார்த்தால், அவர்களுடைய தமிழ் என் ஒடியாவைவிட நன்றாக இருந்தது.

முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. மில்லில் வார விடுமுறை ஆளுக்கொரு கிழமை. சரி என்று முழு நைட் ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வெளியே வருகிறவர்களைக் கேட்டில் நின்று கூப்பிட்டேன். நிரந்தரமாக முழு நைட் பார்க்கிற ஒரு கூட்டம் அது. உயரமான ஒருவர் மட்டும் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தலையெல்லாம் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒடியாவில் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். நோவா பேழைக்குள் ஏறுவதற்குள் அவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரசங்கம் பிடித்துவிட்டது என்று அன்று பூராவும் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

அவர்கள் தங்குகிற கொட்டகையைப் பார்த்த பிறகு விசில் நின்றுவிட்டது. பகலில் அங்கே மற்ற ஷிஃப்ட்காரர்கள் சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், போனில் பாட்டு வைப்பார்கள். தகரக் கூரை வேறு. என் ஜெப அறை கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது. அங்கே சத்தம் என்றால் என் சத்தம் ஒன்றுதான். அதற்கும் ஒருநாள் உயரமானவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாஸ்டர், கொஞ்சம் மெதுவா."

அதன்பிறகு, மூன்று பேர் பதினொரு பேராகிவிட்ட அவர்களை உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். டீக்கடைக்குப் போவேன், குடிக்காமல் திரும்புவேன். படியில் உட்கார்ந்து வேதத்தைத் திறப்பேன், இரண்டு வசனத்தில் எழுந்துவிடுவேன். தூத்துக்குடி லாரிகளை எண்ணுவேன். இதற்காகவா வீட்டில் அழுது அடம்பிடித்து ஊழியத்துக்கு வந்தேன் என்று தோன்றும். வேறு இடம் கொடுங்கள் என்று இரண்டு தடவை அலுவலகத்தில் கேட்டும் பார்த்தேன்.

அறையை எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் சவுதியில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். தொழுகைக்குப் போகும்போதெல்லாம் என் வாசலில் நின்று ஒரு பிடி பிடிக்காமல் போகமாட்டார்.

"என்ன தம்பி, ஒங்க ஜெபத்துல கொறட்டைச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது?"

"களைப்புங்க."

"அது சரி. பிரசங்கம் பண்ற ஆளு வெளியில நிக்கிறதை இப்பத்தான் பாக்குறேன்."

அப்போதுதான் அந்த அறிக்கை வேலையைக் காட்டியது. எங்கள் மூத்த ஊழியர் போன் செய்தார். அதைப் படித்து மனம் உருகிவிட்டாராம். வியாழக்கிழமை நேரில் வருகிறாராம். பார்த்துவிட்டுத்தான் அறையைத் தொடர்வதா, மூடிவிட்டு என்னை வேறு இடத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வாராம். நானே கேட்ட இடமாற்றம்தான். ஆனால் போனை வைத்ததும் பதினொரு பேரும் அந்தத் தகரக் கொட்டகைக்குத் திரும்பிப் போவது கண்ணில் வந்து நின்றது.

"அவுக வாரப்ப இவுகள எங்க ஒளிச்சு வைக்கப் போறீக?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு ஒரே சந்தோஷம்.

வியாழன் காலை வந்தவர்களிடம் கெஞ்சினேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் முழித்திருங்கள் என்றேன். உயரமானவர்தான் பதில் சொன்னார்.

"பாஸ்டர், இப்ப தூங்கலேன்னா ராத்திரி மெஷின்ல கை போயிரும்."

வெட்கமாக இருந்தது. இருந்தும் விடவில்லை. "அரை மணி நேரம்" என்றேன். எனக்காக முகம் கழுவி வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மூத்த ஊழியர் வந்த பஸ் தாமதம். ஒன்பதரைக்கு முதல் தலை சாய்ந்தது. பாட்டுப் பாடினேன், இன்னும் இரண்டு தலை சாய்ந்தது. தாலாட்டுக்கு ஏற்ற குரல் எனக்கு என்று அன்றுதான் தெரிந்தது. பத்து மணிக்கு அவர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இதுதானா அந்த ஆழ்ந்த அமைதி?"

"ஆமாங்கய்யா."

"அந்நேரம் நீர் என்ன செய்வீர்?"

"நடப்பேன், ஐயா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். எப்போது எழுந்திருப்பார்கள் என்று கேட்டார். இரண்டு மணி என்றேன். அந்த வெயிலில் இரண்டு மணிவரை இருந்தார் மனிதர். நான் தண்ணீர் கொண்டுவந்தேன், விசிறி கொண்டுவந்தேன், சோறு வாங்கி வந்தேன், திரும்பவும் தண்ணீர் கொண்டுவந்தேன். அறிக்கையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அது திட்டைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

இரண்டு மணிக்கு உயரமானவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெரியவரைப் பார்த்ததும் பதறிவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பினார்.

"பாஸ்டர், ஊர்ல அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். ஜெபம் பண்ணுங்க." ஒரு நொடி யோசித்தார். "தமிழ்லயே பண்ணுங்க. சீக்கிரம் முடியும்."

அத்தனை மாதத்தில் ஒருவர் வாய்விட்டு ஜெபம் கேட்டது அன்றுதான். மற்றவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். என்ன சொல்லி ஜெபித்தேன் என்று நினைவில்லை. முடித்துக் கண்ணைத் திறந்தபோது மூத்த ஊழியரின் தலை இன்னும் குனிந்தே இருந்தது. தூங்குகிறாரோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

பஸ் நிறுத்தம்வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கவேண்டிய வாயால் வேலியில் மேய்ந்த ஆட்டைப் பற்றிப் பேசினேன், மழை இல்லாததைப் பற்றிப் பேசினேன். அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. அவர் படியில் கால் வைத்த பிறகுதான் கேட்டேன்.

"ஐயா, அறையை மூடிருவீங்களா? என்னை எங்கே போடுவீங்க?"

பையை வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"அங்கேயே இரும்."